பொய்யாக எழுதிக் கொடுத்த ஒப்புதல்

பொய் சொன்னேன் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்தப் பொய் எப்படி எடுபட்டது என்று சொல்லத்தான் இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நான் அதை மறுப்பாக எழுதவில்லை, ஒப்புதலாக எழுதினேன். “பயிற்சியில் இருந்தவர் அனுப்பிய செய்தியை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படித்துப் பார்த்த மேலதிகாரி, இந்தக் காலத்தில் யார் இப்படித் தன் தவறை ஒத்துக்கொள்கிறார்கள் என்று என் தோளில் தட்டினார். அந்தச் செய்தியை அனுப்பியதே நான்தான்.

கடலுக்கு மேலே போகும் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடாமல், நிலத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என் தொழில். இப்போது ஓய்வு பெற்று, பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே, மலேசியாவின் ஜெலெபு மாவட்டத்துக் கோலா கிளாவாங்கில் இருக்கிறேன். வேலை பார்த்த நடுவத்தின் பெயரை எழுதப் போவதில்லை. வங்காள விரிகுடாவைச் சுற்றிச் சென்னை, கொல்கத்தா, யாங்கோன், கோலாலம்பூர், ஜகார்த்தா, கொழும்பு என்று வான்வெளியைப் பங்கு பிரித்துக்கொண்ட நடுவங்கள் பல. எல்லாருக்கும் விதிப்புத்தகம் ஒன்றுதான். என் கதையில் புத்தகத்தின் மேலும் குறை இல்லை, நடுவத்தின் மேலும் குறை இல்லை.

நான் முதலில் உட்கார்ந்தது எச்.எஃப். நாற்காலியில். உயரே பறக்கும் விமானத்தோடு சாதாரண வி.எச்.எஃப். வானொலியில் சுமார் 200 கடல் மைல் தூரம்வரைதான் பேச முடியும். ரேடாரும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான் பார்க்கும். அதைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்ட விமானத்தைப் பிடிக்க அப்போது எச்.எஃப். என்ற உயர் அலைவரிசை ஒன்றுதான் வழி. அது வானத்தின் மேலடுக்கில் மோதித் திரும்பும் அலை. பகலில் ஒரு அலைவரிசை எடுத்தால் ராத்திரியில் அது செத்துக் கிடக்கும், வேறொன்றுக்கு மாற வேண்டும். மழைக்காலத்தில் இடிச் சத்தமெல்லாம் காதுக்குள் வந்து இறங்கும். அந்த இரைச்சலுக்குள் விமானி தன் இடம், நேரம், உயரம், அடுத்த புள்ளி எல்லாவற்றையும் சொல்லுவார். நாங்கள் கேட்டு, திருப்பிச் சொல்லி, எழுதிக் கட்டுப்பாட்டாளரிடம் கொடுக்க வேண்டும்.

இரைச்சல் எனக்குப் பழகிவிட்டது. பழகாமல் போனது என் குரல். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, ரிமூவ் என்ற புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து, பிறகு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த ஆங்கிலத்தை நாங்கள் பன்னிரண்டு வயதுக்குமேல் வாயில் போட்டு மெல்லத் தொடங்கினோம். எழுத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் ஜெலெபு தோட்டம் தெரிந்துவிடும். நான் ஓர் அனுமதியை வாசித்து முடித்ததும் விமானி “சே அகெயின்” என்பார். அது இரைச்சலால் வந்த “சே அகெயின்”தான், பத்தில் ஒன்பது முறை. பத்தாவது முறையை மட்டும் மனம் பிடித்துக்கொள்ளும். 2008 மார்ச்சில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் ஆங்கிலத் தகுதி விதி நடைமுறைக்கு வந்தபோது, விமானியும் கட்டுப்பாட்டாளரும் குறைந்தது நான்காம் நிலை வாங்கியாக வேண்டும் என்றானது. நான் வாங்கியது சரியாக நான்கு. நான்கு வாங்கியவன் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் பேசிக் காட்ட வேண்டும். ஆறு வாங்கியவனுக்கு ஆயுளுக்கும் தொல்லை இல்லை. பக்கத்து நாற்காலியில் ஓர் ஆறு உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்கு இருந்த பொறாமையையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

டேட்டா லிங்க் வந்து என்னைக் காப்பாற்றியது. 1995இல் தென் பசிபிக்கில் போயிங் 747-400 விமானங்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. போயிங் செய்ததற்கு பேன்ஸ்-1 என்று பெயர், பின்னால் ஏர்பஸ் செய்ததற்கு பேன்ஸ்-ஏ. விமானியும் தரையும் செயற்கைக்கோள் வழியாக எழுத்தில் பேசிக்கொள்வது அதில் ஒரு பாதி. அதை சிபிடிஎல்சி என்போம். மறுபாதி ஏடிஎஸ்-சி: விமானத்தின் கணினியோடு நாம் ஒரு ஒப்பந்தம் போட்டுவிட்டால், இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே தன் இடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டிருக்கும். அனுமதித்த உயரத்தை விட்டு விலகினால் கேட்காமலே கூப்பிடும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குரல் இல்லாமல் வேலை பார்க்கலாம்!

வெளியே இருப்பவர்கள் இதை கைப்பேசிக் குறுஞ்செய்தி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எல்லையை நெருங்குமுன் விமானி நடுவத்தின் நான்கெழுத்து முகவரியை அடித்து லாகான் செய்ய வேண்டும். சென்னைக்கு விஓஎம்எஃப், கோலாலம்பூருக்கு டபிள்யூஎம்எஃப்சி. அவர் அடித்த பறப்பு எண்ணும் விமானத்தின் பதிவெழுத்தும் நம்மிடம் உள்ள பறப்புத் திட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கணினி ஏற்காது. இரண்டு நடுவங்களோடு ஒரே சமயத்தில் இணைப்பு இருக்கலாம், ஆனால் ஒன்றுக்குத்தான் செய்தி அனுப்பும் உரிமை. மற்றது முறை வரும்வரை காத்திருக்கும். ஒப்படைக்கும்போது, திறந்து கிடக்கும் செய்திகளை எல்லாம் மூடிவிட்டு, அடுத்த அதிகாரி யார் என்று விமானத்துக்குச் சொல்லிவிட்டு, பிறகுதான் நம் இணைப்பை அறுக்க வேண்டும்.

செய்தியும் நம் இஷ்டத்துக்கு எழுதுவதில்லை. ஏறு, இறங்கு, இந்தப் புள்ளிக்கு நேரே போ என்று எல்லாம் அச்சடித்த வாக்கியங்கள். நாம் எண்ணையும் பெயரையும் மட்டும் நிரப்புகிறோம். ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 63 வரை ஓர் எண் விழும், பதில் அந்த எண்ணைத் தொட்டுக்கொண்டு வரும். ஏறச் சொன்னால் விமானி ‘வில்கோ’ (செய்கிறேன்) என்றோ ‘அனேபிள்’ (முடியாது) என்றோ சொன்னால்தான் அந்தச் செய்தி மூடும். ‘ஸ்டாண்ட்பை’ (பொறு) என்று சொன்னால் மூடாது. ஒரு செய்தி திறந்து கிடக்கும்போது அதே விஷயத்தைப் பற்றி இன்னொன்று அனுப்பக் கூடாது; எந்தப் பதில் எதற்கு என்று குழம்பிவிடும். வார்ப்பு வாக்கியம் இருக்கும்போது சொந்தமாக அடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அவசரம் என்றால் குரல். செய்தி போய், விமானி படித்து, பதில் திரும்பி வருவதற்கு, நெருக்கமான இடைவெளி வைக்கும் கடல் வழிகளில்கூட 240 வினாடிவரை கணக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு நிமிடம். விமானம் நான்கு நிமிடத்தில் முப்பது கடல் மைலுக்கு மேல் போய்விடும்.

எழுத்துக்குத் தன் வயதும் தெரியாது. 2018 செப்டம்பரில் பசிபிக் வழியில் ஒரு பறப்புக்கு அனுப்பிய ‘ஏறு’ செய்தி செயற்கைக்கோள் வரிசையில் மாட்டிக்கொண்டது. அந்த விமானம் தரையிறங்கி, பல மணி நேரம் கழித்து வேறொரு பறப்பாக எழுந்தபோது அது போய்ச் சேர்ந்தது. புது விமானிகள் தங்களுக்கு வந்த கட்டளை என்று நம்பி ஏறினார்கள். குரலாக இருந்திருந்தால் பழைய பறப்பைக் கூப்பிட்ட வார்த்தை காற்றோடு போயிருக்கும்.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. பயிற்சி கொடுப்பவனே நான். அப்படித்தான் அந்தத் தம்பி என்னிடம் வந்தான்.

அவன் எங்கள் தோட்டத்துப் பையன். அவன் அம்மாவும் என் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். கோயில் திருவிழாவில் ஒருமுறை, விமானம் ஓட்டாவிட்டால் என்ன, ஓட்டுபவனுக்கு வழி சொல்லும் வேலை இருக்கிறது என்று இளைஞர்களிடம் நான் பெருமை அடித்துக்கொண்டதைக் கேட்டுத்தான் இந்தத் தொழிலுக்கே மனுப் போட்டான். அறைக்குள்ளும் என்னை ‘சார்’ என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. ‘அண்ணே’தான்.

ராத்திரி சிப்ட். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நள்ளிரவில் கிளம்பும் ஐரோப்பா விமானங்கள் வரிசையாக மேற்கே போகும் நேரம். மேற்கே போகிறவர்களுக்கு 320, 340, 360 என்று இரட்டைப்படை மட்டங்கள். எல்லாருக்கும் எண்ணெய் மிச்சம், எல்லாருக்கும் மேலே வேண்டும். விசைப்பலகையில் தம்பி. பின்னால் நான். அவன் கட்டுப்பாட்டு உரிமம் வாங்காதவன், என் உரிமத்தின் நிழலில் வேலை செய்கிறவன்.

340இல் போய்க்கொண்டிருந்த ஒரு விமானம் 360 கேட்டது. 360இல் வேறொரு விமானம் அதன் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. இன்னும் சில நிமிடம் பொறுத்தால் அது கடந்து போய்விடும். தம்பி ‘ஸ்டாண்ட்பை’ அனுப்பிவிட்டு, பக்கத்து நடுவத்தோடு நேரடித் தொலைபேசியில் பேசத் தொடங்கினான். எனக்குப் பொறுமை இல்லை. அவன் தோளுக்கு மேலே கையை நீட்டி நானே அடித்தேன்: இந்த நேரத்தில் 360க்கு ஏறு. நேரத்தைச் சில நிமிடம் தள்ளிப் போட்டு அனுப்பினேன். “அனுப்பியாச்சு” என்று தமிழில் சொன்னேன். தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அவன் தலையாட்டினான்.

இங்கேதான் புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறது. நேர நிபந்தனை போட்ட அனுமதி அனுப்பினால், அதே செய்தியில் முதல் வரியாக ‘மெயின்டெய்ன்’, அதாவது ‘340இல் நில்’ என்று போட வேண்டும். ஏன்? அந்த வாக்கியத்தில் நிபந்தனை எல்லாம் ஒரே ஒரு ‘அட்’டில் தொங்குகிறது. ராத்திரி மூன்றாம் சாமத்தில், மேலே போகத் துடித்துக்கொண்டிருக்கும் விமானியின் கண் அந்த ‘அட்’டைத் தாண்டி ‘கிளைம்ப்’பில் போய் விழும். அப்படி விழுந்து, உடனே ஏறிய சம்பவங்கள் பல கடல்களில் நடந்த பிறகுதான் விதி வந்தது. அந்த ‘மெயின்டெய்ன்’ வரியைச் சேர்க்க இன்னும் சில சொடுக்கு. நான் சேர்ப்பதில்லை. இத்தனை வருடம் எதுவும் ஆகவில்லையே.

‘வில்கோ’ வந்தது. கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை மின்னியது. தம்பிதான் முதலில் பார்த்தான். “அண்ணே, ஏறுது.”

விதி என்ன சொல்கிறது? குரல். எச்.எஃப்.இல் செல்கால் மணி அடித்து விமானியைக் கூப்பிட்டு, வந்த டேட்டா லிங்க் செய்தியை விட்டுவிடு, இந்த மட்டத்தில் நில் என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்கென்றே வாசகம் எழுதி வைத்திருக்கிறார்கள், நான் அதைப் பயிற்சி வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த நொடியில் என் கை விசைப்பலகைக்குத்தான் போனது. பதறிப் போன என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது நாடாவில் ஏறும், நாளைக்கு ஓர் அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள். இப்படியெல்லாம் நினைக்க நேரம் இருந்ததா என்று கேட்டால், நினைக்கவில்லை, கை தானாகப் போனது. அதுதான் மோசம். நான் எழுத்து அடித்துக்கொண்டிருக்கும்போது தம்பி வானொலி இயக்குநரின் இணைப்பை எடுத்து, சுத்தமாக, பதறாமல், அந்த வாசகத்தைச் சொன்னான். விமானி நின்றார். பிறகு என் எழுத்தும் போய்ச் சேர்ந்து, இப்போது எதைக் கேட்பது என்று அவர் திருப்பிக் கேட்கும்படி ஆனது.

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு விமானத்துக்கும் நடுவே விதி கேட்ட இடைவெளி இல்லை, ஆனால் மைல் கணக்கில் தூரம் இருந்தது. ஒருவர் விளக்கை ஒருவர் பார்த்தார்களா என்பதே சந்தேகம். பயணிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அறிக்கை வரும் என்று தெரியும். அன்று விடியற்காலை வீட்டுக்குப் போகும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். குரல் பதிவையும் டேட்டா லிங்க் பதிவையும் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அறையின் பின்னணிச் சத்தத்தைப் பிடிக்கும் மைக்கின் பதிவுக்கு விதி கேட்பது கடைசி 24 மணி நேரம் மட்டும். என்னுடைய “அனுப்பியாச்சு” அந்த மைக்கில்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் கழிந்தது. கழிந்தபோது எனக்குப் பசி எடுத்தது, நன்றாகச் சாப்பிட்டேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனால் உண்மை.

விசாரணையில் டேட்டா லிங்க் பதிவை அச்செடுத்து மேசையில் வைத்தார்கள். எந்தக் கட்டுப்பாட்டு மேடை, எந்த வினாடி, எந்த வாக்கியம், எந்த எண், எப்போது பதில், எல்லாம் இருந்தது. யாருடைய விரல் என்பது மட்டும் இல்லை. குரலில் அனுப்பியிருந்தால் ஒரு நொடி போதும். நான்காம் நிலை ஆங்கிலம் யாருடையது என்று கதவருகே நிற்பவருக்குக்கூடத் தெரியும். எந்த எழுத்து என் உச்சரிப்பை மறைத்ததோ அதே எழுத்து என் கையையும் மறைத்தது. மேடையில் உட்கார்ந்திருந்தது பயிற்சியில் இருந்தவர் என்று பட்டியலில் இருந்தது. யாரும் என்னிடம் ‘நீங்கள் அனுப்பினீர்களா’ என்று கேட்கவே இல்லை. ‘நீங்கள் ஏன் கவனிக்கவில்லை’ என்றுதான் கேட்டார்கள். கேள்வியிலேயே பதில் இருந்தது, நான் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கவனிக்கத் தவறிவிட்டேன் என்று எழுதினேன். மேற்பார்வைக் குறைவுக்கு எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். தம்பியின் பயிற்சி நிறுத்தி வைக்கப்பட்டது.

அவனிடம் கேட்டபோது, நினைவில்லை என்று சொன்னான். அன்று ராத்திரி அந்த மேடையிலிருந்து போன செய்திகள் ஏராளம். அதில் ஒன்றை, தொலைபேசியில் பேசிக்கொண்டே, தான் அடித்தோமா இல்லையா என்று அவனுக்கு நிச்சயம் இல்லை. சில நாள் கழித்து உணவகத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். “மன்னிச்சிடுங்கண்ணே. மெயின்டெய்ன் போட மறந்துட்டேன் போல. என்னால உங்களுக்குக் கடிதம் வந்துடுச்சு.” கோப்பியைக் கலக்கிக்கொண்டே, பரவாயில்லை, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்றேன். இந்த வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் ஒன்றைத் திரும்பப் பெறலாம் என்றால் அந்தப் ‘பரவாயில்லை’யைத்தான் கேட்பேன். விசாரணையில் எழுதியது பயத்தில் எழுதியது. இது நிதானமாகச் சொன்னது.

பயிற்சியைத் தொடர அனுமதி வந்தபோது அவன் வேண்டாம் என்றுவிட்டான். பறப்புத் திட்டங்களைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போனான். ஒவ்வொரு செய்தியையும் மூன்று முறை படிக்கிறவனாகிவிட்டான் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். கட்டுப்பாட்டாளர் உரிமம் அவன் வாங்கவே இல்லை.

அப்பா தோட்டத்தில் பால் வெட்டினார். மதியம் வாளிகளைத் தூக்கிக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்குப் போவார், பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். எல்லார் பாலும் கடைசியில் ஒரே தொட்டியில்தான் விழும். விழுந்துவிட்டால் யாருடையது எது என்று எந்தத் துரையாலும் சொல்ல முடியாது. அதனால்தான் தொட்டியில் ஊற்றுமுன் கிராணி ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து மெட்ரோலாக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பேருக்கு நேரே எழுதுவார். தண்ணீர் கலந்தவன் அங்கே மாட்டுவான்.

மெட்ரோலாக் எங்கள் பதிவிலும் இருந்தது. இதை விசாரணைக்காரர்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். சம்பவத்துக்கு முன்னும் பின்னுமாகக் கொஞ்ச நேரத்துப் பதிவைத்தான் அவர்கள் அச்செடுத்தார்கள். முழு இரவையும் எடுத்துப் பார்த்தது நான் ஒருவன். அந்த இரவில் அந்த மேடையிலிருந்து போன நேர நிபந்தனைச் செய்திகள் ஒவ்வொன்றிலும் முதல் வரி ‘மெயின்டெய்ன்’. ஒன்றில்கூட விட்டுப்போகவில்லை. தம்பி புத்தகத்தில் உள்ளபடி செய்கிறவன். அந்த ஒரு செய்தி மட்டும் மொட்டையாக நிற்கிறது. என் பழைய இரவுகளின் பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தால், அவற்றில் எல்லாமே மொட்டை. எழுத்துக்குக் குரல் இல்லை என்று நம்பித்தான் அதற்குள் ஒளிந்தேன், அது என்னை அட்சரம் பிசகாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. தொலைபேசிப் பதிவும் இருந்தது: என் செய்தி போன அதே வினாடியில் தம்பி பக்கத்து நடுவத்துக்கு ஓர் எண்ணை வாசித்துக்கொண்டிருக்கிறான். இரண்டையும் ஒருவர் சேர்த்து வைத்துப் பார்த்திருந்தால் போதும். 30 நாளும் நான் காலண்டரைப் பார்த்தேன்.

அவ்வருடத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைப்பாதையில் ஏறும்போதே, அவன் அம்மாவைச் சந்திக்காமல் திரும்பிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்துக் கோயிலில் யாரிடமிருந்து தப்பிக்க முடியும்? அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவன் செஞ்ச தப்ப நீ உன் மேல போட்டுக்கிட்டியாம். சொன்னான் தம்பி. உங்கம்மா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்படுவா.” அன்னதானத்தில் தன் கையாலேயே எனக்கு இலை போட்டார். நான் சாப்பிட்டேன். மறு சோறும் வாங்கினேன், வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாரோ என்று.

2018 ஜூலை 30இல், காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370 பற்றிய விசாரணை அறிக்கை வெளியானது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதைப் படித்த விதம் வேறு. விமானம் எங்கே போனது என்று உலகம் தேடியது, நாங்கள் நேரங்களைத் தேடினோம். 2014 மார்ச் 8 அதிகாலை 1:21க்கு ரேடார் திரையிலிருந்து மறைந்த விமானத்தைப் பற்றி ஹோ சி மின் நடுவம் கோலாலம்பூரைக் கேட்டது 1:39க்கு. இரு பக்கத்துக் கட்டுப்பாட்டாளர்களும் நடைமுறையை உரிய நேரத்தில் பின்பற்றவில்லை என்று அறிக்கை எழுதியது. மறுநாள், மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் அசாருடின் அப்துல் ரஹ்மான் பதவி விலகுவதாக அறிவித்தார். அந்த இரவு அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கவில்லை. தனக்குக் கீழே யாரோ செய்ததற்கு, மேலே இருந்தவர் எழுந்து போனார். நான் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு மடித்து வைத்தேன். அதற்குப் பிறகும் எதுவும் செய்யவில்லை. மனசாட்சி அன்று விழித்துக்கொண்டது என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய் ஒப்புதலாகிவிடும். ஓய்வூதியம் உறுதியாகும்வரை காத்திருந்தேன் என்பதே நிஜம்.

ஓய்வு பெற்ற பிறகு என் அனுபவங்களைப் பற்றிப் பேச ஒரு தமிழ்ப்பள்ளியில் கூப்பிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளை வானத்தை ஆண்ட கதை என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்தார். ஒரு சிறுமி எழுந்து, “தப்பா சொல்லிட்டா என்ன சார் ஆகும்?” என்று கேட்டாள். தப்பு நடந்தால் உடனே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், ஒளிக்காதவனைத் தண்டிக்காமல் திருத்துவதுதான் விமானத் துறையின் முறை என்று அவளுக்கு விளக்கினேன். சொன்னது அத்தனையும் சரி. உலகம் முழுக்க இந்தத் துறை பாதுகாப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். அன்றைக்கு நான் உண்மையை எழுதியிருந்தால்கூட எனக்கு வேலை போயிருக்காது. கொஞ்ச நாள் மறுபயிற்சி, அவ்வளவுதான். ஆறாம் நிலைக்காரர் முன்னால் மறுபயிற்சிக்குப் போய் உட்கார முடியாது என்பதற்காகத்தான் ஒரு பையனின் உரிமத்தை விற்றேன்.

சென்ற மாதம் அவனுக்குப் போன் செய்தேன். இப்போது ஒரு விமான நிறுவனத்தில் பறப்புத் திட்டம் போடுகிறான்; குரலில் கொஞ்சம் நடுவயது ஏறியிருக்கிறது. முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன், அதற்கும் எழுத்துதான் தேவைப்பட்டது. செய்தியை அனுப்பியது நான், தெரிந்தே உன் பேரில் விட்டேன், உணவகத்தில் நீ மன்னிப்புக் கேட்டபோதும் தெரியும். முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசவில்லை. கோபப்படுவான், அல்லது அழுவான் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

“அப்போ அன்னைக்கு நான் மறக்கல” என்றான்.

“இல்லை. எல்லாத்திலயும் போட்டிருந்தே.”

“எல்லாத்திலயுமா?”

“எல்லாத்திலயும்.”

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பழைய நடுவத்துக்கு எழுதிக் கொடுப்பதெல்லாம் இனி எதற்கு, பதிவும் இருக்காது, ஆளும் மாறியிருப்பார்கள், அதெல்லாம் உங்கள் விருப்பம் என்றான். எழுதி அனுப்பிவிட்டேன். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனை வைக்குமுன் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டான்: “அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என் வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, உங்களைத்தான் சாமி மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்காங்க.”

அவர் வீடு இங்கிருந்து நடக்கிற தூரம்தான். இரண்டு தடவை கடைத்தெருவில் பார்த்தேன், முட்டி வலியைப் பற்றிப் பேசினோம், வந்துவிட்டேன். இந்தக் கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் போய்ச் சொல்லியாக வேண்டும். அவர் தமிழ்ப் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்.